ஏழு என்று எழுதினேன்

பிளஸ் டூ பொதுத்தேர்வில், தாமே எழுத முடியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்கு ஒரு ஆசிரியரை அனுப்புவார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் 'சொல்வதை எழுதுபவர்'. சில வருடங்களுக்கு முன் அந்த வேலை எனக்கு வந்தது. மதுரை பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பரீட்சைப் பாடம் தெரிந்த ஒருவரை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. அதனால் ஆங்கில டீச்சரான என்னைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் போட்டிருந்தார்கள்.

நான் கல்லூரியில் படித்தது வேதியியல். படிப்பு முடிந்து வேலை தேடியபோது பள்ளியில் காலியாக இருந்தது ஆங்கில இடம். தபால் வழியில் எம்.ஏ. எழுதி அந்த இடத்தில் உட்கார்ந்தவள் இன்னும் அங்கேயே இருக்கிறேன். உத்தரவு வந்ததும் தலைமையாசிரியையிடம் போய் இதைச் சொன்னேன். அவர் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க கிளாஸ்ல எடுக்குறது இங்கிலீஷ்தான டீச்சர்? அவங்க அதைத்தான் கேட்டுருக்காங்க. இப்பப் போயி மாத்துனா வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போது அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விளாங்குடியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. வந்த இடங்கள் அமையவில்லை, பிறகு வருவது நின்றது. தம்பி குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறான். பள்ளியில் நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் பேச ஆள் கிடையாது. கோடை விடுமுறையில் காய்கறி வண்டிக்காரரிடம் 'அரைக் கிலோ' என்று சொன்னதைத் தவிர வேறு வார்த்தையே பேசாத நாட்கள் உண்டு. மாலையில் தொண்டையைச் செருமினால் குரல் யாருடையதோ போல இருக்கும்.

அம்மா இருந்தவரை என் வேதியியலைக் கேட்க ஒரு ஆள் இருந்தாள். அவள் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது, அது அமிலம், பச்சையாகப் படிந்ததைக் கரைக்கிறது என்று சொல்வேன். "புளி புளிக்காம இனிக்கவா செய்யும்?" என்று சொல்லிவிட்டுத் தேய்ப்பாள். சமையலுக்குப் போடும் சோடா உப்பு, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து என்று கையில் எதை எடுத்தாலும் அதற்குப் பிஎச் எவ்வளவு இருக்கும் என்று நான் கணக்குச் சொல்வேன். ஏழு என்றால் நடு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும். அம்மாவுக்கு இது எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் "ம்" கொட்டுவாள். அந்த "ம்" இல்லாமல் போன பிறகு நானும் கணக்குச் சொல்வதை விட்டுவிட்டேன்.

தேர்வு மையம் பக்கத்தில் இன்னொரு பள்ளி. எனக்குக் கொடுத்த பிள்ளை ஒரு சௌராஷ்டிரா வீட்டுப் பெண். பிறவியிலேயே இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கியிருந்தன. பேனாவை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக் கொஞ்சம் எழுதுவாள், ஒரு பக்கத்துக்குள் கை வலிக்க ஆரம்பித்துவிடும். அப்பா ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர். மகளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்து, பரீட்சை முடியும் வரை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். முதல் நாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பிள்ளை வேகமாச் சொல்லும் மேடம். கொஞ்சம் அனுசரிச்சுப் பாத்துக்கங்க" என்றார். சொல்வதை எழுதுவேன், அதற்கு மேல் எதுவும் முடியாது என்றேன். அது போதும் என்றார்.

எங்களுக்குத் தனி அறை. பழைய தையல் வகுப்பறை, சுவரோரம் மெஷின்களைத் துணி போட்டு மூடி அடுக்கியிருந்தார்கள். வாசலில் ஒரு கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சலித்தால் வராந்தாவில் நடப்பார். மற்றபடி அறையில் அவளும் நானும்தான். எனக்கு அனுமதித்த பேச்சு கொஞ்சம்: 'திரும்பச் சொல்லு', 'எழுதிட்டேன்', 'எந்தக் கேள்வி?' அவளோ பேசிக்கொண்டே இருப்பாள். விடையைச் சொல்லும்போது புத்தகத் தமிழில் திருத்தமாகச் சொல்வாள். நடுவில் கணக்குப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு வீட்டு பாஷையில் முணுமுணுப்பாள். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. எண்களாகத்தான் இருக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, "எழுதிக்கங்க டீச்சர்" என்பாள்.

அவ்வளவு நேரம் ஒருவர் எனக்கு மட்டும் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. அதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அவள் பேசியது என்னிடம் அல்ல, தாளைத் திருத்தப்போகும் முகம் தெரியாத ஒருவரிடம். நான் நடுவில் இருக்கும் கை. இருந்தாலும் மாலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் குரல் காதிலேயே இருக்கும். 'அடுத்த வரி டீச்சர்', 'அடிக்கோடு போட்டுருங்க டீச்சர்'. வீட்டைத் திறந்து விளக்கைப் போடும்போது அது நின்றுவிடும்.

கணக்குப் பரீட்சை அன்று ஒன்று நடந்தது. அவள் ஒரு பெருக்கலில் ஐம்பத்து நாலு என்றாள். என் மனதுக்குள் ஐம்பத்தாறு என்று ஓடியது. பேனா ஒரு நொடி நின்றுவிட்டது. உடனே அவள், "இல்ல இல்ல, ஐம்பத்தாறு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் கண் தாளில் இல்லை, என் பேனா முனையில் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று இடத்தில் என் கை தயங்கியது. அந்த இடங்களிலெல்லாம் அவளும் நின்று திரும்ப யோசித்தாள்.

வீட்டுக்கு வந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்காமலேயே நான் விடை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெரிய அரங்கில் கையால் எழுதும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பேனா கிடையாது. அடுத்த பரீட்சையிலிருந்து சரியோ தப்போ ஒரே வேகத்தில் எழுதுவது என்று முடிவு செய்தேன். இயற்பியல் அன்று அப்படியே எழுதினேன். கஷ்டமாக இல்லை, இயற்பியல் எனக்குப் பாதிதான் தெரியும்.

வேதியியல் அன்று அவள் உற்சாகமாக வந்தாள். அவளுக்குப் பிடித்த பாடம் என்பது சொல்லும் விதத்திலேயே தெரிந்தது. கேள்வித்தாளைத் தானே படித்து, எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டாள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்குப் பிஎச் கேட்டிருந்தார்கள். அது முழுவதும் பிரியாத அமிலம், பிரிகிற கொஞ்சத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி விளக்கம் சொல்லி, வர்க்கமூலம் எடுத்து, 2.87 என்று முடித்தாள். அடுத்தது சுண்ணாம்புத் தண்ணீர். "சுண்ணாம்புக்கு ரெண்டு ஹைட்ராக்சைடு வரும், மறந்துறக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செறிவை இரண்டால் பெருக்கி, பன்னிரண்டு என்று சரியாக வந்து நின்றாள். எழுதிக்கொண்டிருந்த எனக்குள் கல்லூரி நாட்களின் சந்தோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. யாரோ எனக்கே பாடம் நடத்துவது போல இருந்தது.

பிறகு அந்த மூன்று மதிப்பெண் கேள்வி வந்தது. மிகமிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். செறிவு பத்தின் அடுக்கு மைனஸ் ஏழு. பிஎச் என்ன?

அடுக்கைப் பார்த்தவுடன் ஏழு என்று சொல்லத் தோன்றும். அது பொறி. ஏழு என்றால் வெறும் தண்ணீர். அமிலத்தை ஊற்றிய பிறகும் தண்ணீர் வெறும் தண்ணீராகவே எப்படி இருக்கும்? சுத்தமான தண்ணீரிலேயே, அமிலத்தைப் புளிக்க வைக்கும் அயனி கோடியில் ஒரு பங்கு இருக்கிறது. மற்ற கணக்குகளில் அமிலம் நிறைய இருப்பதால் தண்ணீரின் அந்தப் பங்கை யாரும் சீண்டுவதில்லை. இங்கே அமிலம் தருவதும் அதே கோடியில் ஒரு பங்குதான். அதனால் தண்ணீரின் பங்கையும் சேர்க்க வேண்டும். அப்படியே இரண்டாகவும் கூட்டிவிட முடியாது. அமிலம் வந்ததும் தண்ணீர் தன் பங்கைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். இருபடிச் சமன்பாடு போட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றே முக்காலுக்கும் குறைவாக, ஒன்று புள்ளி ஆறு பங்கு வரும். பிஎச் 6.79. ஏழுக்குக் கொஞ்சம் கீழே.

அவள் கண்ணை மூடவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. "இது ஈஸி டீச்சர். எழுதிக்கங்க" என்றாள். சூத்திரத்தைச் சொன்னாள், அடுக்கைச் சொன்னாள். "ஆகவே, கரைசலின் பிஎச் மதிப்பு ஏழு."

ஏழு என்று எழுதினேன். அதற்கு முந்தைய வரியை எழுதிய வேகத்திலேயே எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன். "எழுதிட்டேன்" என்றேன். என் குரலும் சரியாகத்தான் இருந்தது. முழங்கைக்குக் கீழே மட்டும் ஏதோ இறுகிக்கொண்டது. அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

கடைசியில் நேரம் மிச்சம் இருந்தது. பிஎச் கணக்குகளைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அதற்கு அனுமதி உண்டு. வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும்போது ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அன்று ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் வாசித்தேன். ஏழு வந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மூடி வைத்த தையல் மெஷின்களைப் பார்த்தேன். அவள் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், இருக்கட்டும்" என்றாள்.

மணி அடித்தது. கண்காணிப்பாளர் வந்து தாளை வாங்கி உறையில் போட்டார். வெளியே வரும்போது, "எப்படி எழுதிருக்கேன் டீச்சர்?" என்று கேட்டாள். தாள் போய்விட்டது. இனிமேல் சொன்னால் விதி மீறல் இல்லை. ஆனால் இரண்டு நாளில் அவளுக்கு உயிரியல் இருந்தது. "நல்லா எழுதிருக்கம்மா" என்றேன். அவள் அப்பா தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எத்தனையோ வருடம் கழித்துப் போடுகிறேன், ஆனாலும் தடங்கல் இல்லாமல் வந்தது. 6.79. சரியான விடை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வாரம் தம்பி போன் செய்தபோது சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "மூணு மார்க்குதானக்கா, அதுலயும் ஸ்டெப்புக்குக் கொஞ்சம் போடுவாங்க. விடு" என்றான். பிறகு பையனின் நீச்சல் வகுப்பைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. போனை வைத்துவிட்டு அந்தக் காலண்டர் தாளில் காய்கறித் தோலைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

உயிரியலுக்கு வேறு ஆள் போட்டார்கள். தேர்வு முடிவு வந்த அன்று அவள் நினைவு வந்தது. பார்க்க வழியில்லை. போன் நம்பர் நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை, வாங்குவது முறையும் இல்லை.

ஆடி மாசக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் பெரியார் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர்" என்று ஒரு குரல். திரும்புவதற்கு முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. தோளில் குறுக்காகப் பையை மாட்டிக்கொண்டு தனியாக நின்றாள். காலேஜில் சேர்ந்துவிட்டதாகவும் அப்பா கொண்டுவந்து விடுவதை நிறுத்தச் சொல்லி இந்த வாரம்தான் சண்டை போட்டு ஜெயித்ததாகவும் சொன்னாள். வேதியியல்தான் எடுத்திருக்கிறாளாம். மார்க் நன்றாக வந்திருந்தது. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அன்னைக்கு ஒரு கணக்கு தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர். ஏழுன்னு சொன்னேன்ல, அது" என்றாள்.

"தெரியும்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க இங்கிலீஷ் டீச்சர்ல?"

நான் படித்தது என்ன என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

"நீங்க எங்கயுமே நிக்காம எழுதுனீங்க டீச்சர். திரும்ப வாசிக்கச் சொன்னப்பயும் நிக்கல. அதை வச்சுத்தான் அம்புட்டும் சரின்னு நெனச்சேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேனா நிற்கக் கூடாது என்று நான் பட்ட பாட்டை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். கணக்குப் பரீட்சையில் நடந்ததைச் சொன்னேன். ஐம்பத்து நாலையும் அவள் கண் என் பேனா முனைக்கு வந்ததையும் சொன்னேன். அதற்குப் பிறகு நானாக முடிவெடுத்ததையும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. கணக்கு அன்று நான் நின்ற இடத்திலெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தது உண்மைதான் என்றாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாலும் நியாயம்தான்.

"அப்ப கெமிஸ்ட்ரி மார்க்கு முழுசும் என்னோடதுதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அந்தக் கணக்கைப் பற்றிப் பேசினோம். புத்தகத்தில் அச்சு அசலாக அதே கணக்கு இருந்ததாம், மறுநாளே பார்த்துவிட்டாளாம். தண்ணீரின் பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது புரிந்தது, ஏன் இரண்டாகக் கூட்டக் கூடாது என்பதுதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டத்துக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நடுவில் குறுக்கிட்டாள், நான் திருத்தினேன், அவள் மறுபடி கேட்டாள். விளாங்குடி பஸ் ஒன்று வந்து போனது. அதில் நான் ஏறவில்லை. அவள் பிடித்துக்கொண்டாள் என்பது கண்ணில் தெரிந்த சமயத்தில் அவள் பஸ் வந்தது. "போறேன் டீச்சர்" என்று ஏறியவள் படியிலிருந்து இறங்கி வந்து என் நம்பரை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினாள்.

சில தடவை போன் செய்தாள். ஒருமுறை தாங்கல் கரைசல் பற்றி, ஒருமுறை லேபில் நிறம் மாறாத ஒரு சோதனை பற்றி. நான் போனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே சொல்வேன். ஒருமுறை, "வீட்ல யாரு டீச்சர் இருக்கா?" என்று கேட்டாள். நான் மட்டும்தான் என்றேன். ஒருநாள் வாரேன் டீச்சர் என்றாள். அவளுக்கு அங்கே நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள், கூடப் படிக்கும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். போன் வருவது குறைந்து நின்றது. அது அப்படித்தான் ஆக வேண்டும். எனக்கே வகுப்பு முடித்துப் போன பிள்ளைகள் எத்தனை பேர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து வந்தது, திரும்ப வாழ்த்தினேன்.

அடுத்த மார்ச்சில் மறுபடியும் உத்தரவு வந்தது. இந்தத் தடவை வாய்ச்சொல்லோடு விடவில்லை. இளங்கலை வேதியியல் என்று எழுதிக் கொடுத்தேன். என்னை வரலாற்றுக்கு மாற்றினார்கள். கண் தெரியாத ஒரு பையன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். அவன் அரசர்களையும் போர்களையும் ஆண்டுகளையும் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த வரலாறு எல்லாம் மறந்துவிட்டது. கை எங்கேயும் இறுகவில்லை. அவன் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. முடிந்ததும் நன்றி சொல்லி, கூட வந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் போனான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. காதில் யார் குரலும் இல்லை, அப்படியே தூங்கிவிட்டேன். பரவை வந்த பிறகுதான் கண்டக்டர் தட்டி எழுப்பினார். எங்கம்மா இறங்கணும் என்று கேட்டார், விளாங்குடி என்றேன். தாண்டி வந்தாச்சே என்று அவரே வருத்தப்பட்டார். இறங்கி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று, மதுரைக்குப் போகிற பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன்.